13 மணி நேரமும் ஒரு மணி நேரமும்

சுயஒழுக்கம் பற்றி மாணவிகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் வரும். அதிகாலையில் எழும்பு, நேரத்தை வீணாக்காதே, போனைத் தள்ளி வை என்பவையெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்து போன வார்த்தைகள். கேட்கும் பிள்ளைக்கு அவை தெரியாதவையல்ல. தெரிந்தும் செய்ய முடியாமல் இருப்பதுதான் அவளுடைய கஷ்டம். ஆகவே இங்கே புத்திமதி சொல்வதை விட்டுவிட்டு, பல வருடங்களாக வகுப்பறையில் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு விடை தேடலாம் என்று நினைக்கிறேன்.

நம் பிள்ளைகள் ஏழு, எட்டு வயதிலேயே நோன்பு பிடித்துப் பழகுகிறார்கள். பத்தாம் தரத்துக்கு வரும்போது ரமழான் முழுவதும் பிடிக்கிறார்கள். இலங்கை பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நம் நோன்பின் நீளம் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. எந்தக் காலத்தில் வந்தாலும் ஏறத்தாழ 13 மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல், வெயிலில் டியூஷன் வகுப்புக்குப் போய் வந்து, அஸருக்குப் பிறகு உம்மாவோடு அடுப்படியில் நின்று சமோசா மடித்துக் கொடுக்கிறாள் ஒரு பிள்ளை. பொரியும் வாசனை மூக்கில் ஏறுகிறது. ஒரு துண்டைக் கூட வாயில் வைப்பதில்லை. அதே பிள்ளை என்னிடம் வந்து, "டீச்சர், ஒரு மணித்தியாலம் போனைத் தொடாமல் என்னால் படிக்க ஏலாது" என்கிறாள். இரண்டும் ஒரே மனம்தானே?

இதை வகுப்பில் கேட்டபோது ஒரு மாணவி உடனே பதில் சொன்னாள்: "நோன்பு அல்லாஹ்வுக்காக, டீச்சர். படிப்பு அப்படி இல்லையே." நல்ல பதில். ஆனால் முழுப் பதில் அல்ல. ஈமானில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளே நேரம் இருக்கிறது என்று தொழுகையைக் கடைசி வரை தள்ளிப் போடுவதை வீடுகளில் பார்க்கிறோம். அதுவும் அல்லாஹ்வுக்காகத்தான். எனவே நோக்கத்தின் உயர்வு மட்டும் இதை விளக்கிவிடாது. நோன்பு அமைக்கப்பட்டிருக்கும் விதத்திலேயே ஏதோ இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் மற்றக் காரியங்களுக்கும் உதவும்.

முதலில் நிய்யத். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, பர்ளான நோன்புக்கு ஒவ்வோர் இரவும் நிய்யத் வைக்க வேண்டும். விடிந்த பிறகு யோசித்து வைக்க முடியாது. பல ஊர்களில் தராவீஹ் முடிந்ததும் ஒருவர் சொல்லித்தர எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். அதாவது நாளைய காரியம் இன்றிரவே, வயிறு நிறைந்திருக்கும்போதே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. நண்பகலில் தாகம் எடுக்கும் நேரத்தில், "இன்றைக்குப் பிடிப்போமா, விடுவோமா" என்ற விவாதமே மனதில் எழுவதில்லை. படிப்பில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. மாலை ஐந்து மணிக்குக் களைத்துப் போய் வந்து அமர்ந்த பிறகுதான் படிப்பதா இல்லையா, எந்தப் பாடம், எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்குகிறோம். களைத்த மனம் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனாலும் ஆராய்ச்சி இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர், "செய்வேன்" என்று மட்டும் நினைப்பதற்கும் "இன்ன வேளையில், இன்ன இடத்தில் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மாணவர்களுக்கு ஒரு சிறிய வேலை கொடுக்கப்பட்டது. விடுமுறைக் காலத்தில், இரண்டு நாட்களுக்குள், ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். எங்கே, எப்போது எழுதுவோம் என்று குறித்துக்கொண்டவர்களில் பெரும்பான்மையோர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினார்கள். இரு சாராருக்கும் விருப்பம் இருந்தது. ஒரு சாராருக்கு மட்டுமே நேரமும் இடமும் இருந்தன.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. கடிகாரத்தைப் பார்க்காமலே நாளை ஐந்தாகப் பிரித்துத்தரும் பாங்குச் சத்தம் நம் ஊர்களில் கேட்கிறது. "ஏழு மணிக்குப் படிப்பேன்" என்பதைவிட, "மஃரிப் தொழுது முஸல்லாவை மடித்து வைத்ததும் கணிதக் கொப்பியைத் திறப்பேன்" என்பது நூறு மடங்கு உறுதியானது. ஏழு மணி வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கடந்துவிடும். முஸல்லாவோ கையில் இருக்கிறது. அதை மடிக்காமல் யாரும் எழும்புவதில்லை. புதிய பழக்கத்தைத் தனியாக நட வேண்டாம், ஏற்கனவே வேர்விட்ட ஒன்றின் அருகில் நட்டால் போதும். என் மாணவிகளிடம் நான் கேட்பது ஒரு வாக்கியம் மட்டும்தான்: எதை முடித்ததும், எந்த இடத்தில், எந்தப் பாடம். அழகிய நிறங்களில் பென்சிலால் கோடு போட்ட நேரசூசி எனக்கு வேண்டாம். நேரசூசி வரைவதிலேயே முழுச் சனிக்கிழமையும் போய்விடுகிறது. அதுவும் படிப்பைத் தள்ளிப்போடுவதில் ஒரு வகைதான்.

அடுத்தது, கண்ணில் படாமல் இருப்பது. சுயகட்டுப்பாடு என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கட்டும் ஒருவரைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். வில்ஹெல்ம் ஹொஃப்மன் என்பவரும் அவரது குழுவினரும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 205 பேருக்கு ஒரு வாரம் முழுக்கச் சிறு கருவியொன்றைக் கொடுத்து, நாளுக்குப் பல தடவை அது ஒலிக்கும்போது, "இப்போது ஏதாவது ஆசை இருக்கிறதா, அதை எதிர்க்கிறீர்களா" என்று பதிவு செய்யச் சொன்னார்கள். 2012இல் வெளியான முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசைகளோடு அதிகமாகப் போராடவில்லை. குறைவாகவே போராடினார்கள். தொல்லை தரும் ஆசைகளே அவர்களுக்குக் குறைவாக வந்தன. சண்டைக்கே இடம் வைக்காத விதத்தில் அவர்கள் தங்கள் நாளை அமைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் இதை ஆய்வாளர்கள் விளங்கிக்கொள்கிறார்கள்.

நோன்பு வீட்டில் நடப்பதும் அதுதான். பகலில் அடுப்பு எரிவதில்லை, சாப்பாட்டு மேசை விரிக்கப்படுவதில்லை, யாரும் "தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்பதில்லை. சமோசா வாசனை வருவது கடைசி ஒன்றரை மணி நேரத்தில் மட்டும். படிக்கும் மேசையிலோ போன் எந்நேரமும் முகத்தை மேலே காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அதைக் கவிழ்த்து வைப்பதாலோ, சத்தத்தை நிறுத்துவதாலோ பெரிய பலன் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கவிழ்ந்து கிடக்கும் போனின் மறுபக்கத்தில் என்ன வந்திருக்குமோ என்ற நினைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது வேறு அறையில், முடிந்தால் இன்னொருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். "படிப்புக்கே போன்தான் டீச்சர், வட்ஸ்அப் குழுமத்தில்தான் பாடக்குறிப்பு வருகிறது" என்று சொல்வார்கள். உண்மைதான். அப்படியானால் வரும் குறிப்பை ஒரு நேரம் குறித்துக் கொப்பியில் எழுதி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு போனைக் கொடுத்துவிடலாம்.

இனி வருவது பெற்றோருக்கும் உரியது. கொஞ்சம் மனத்தாங்கலோடு சொல்வதாகவும் தோன்றலாம்.

தொழுகையில் நிற்கும் பிள்ளையை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும், "தொழுகிறாள்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். கொப்பியோடு அமர்ந்திருக்கும் பிள்ளையை மட்டும் ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை கூப்பிடுகிறோம். "மகள், இங்க கொஞ்சம் வாங்க, தம்பிக்குப் பால் கலக்கிக் கொடுங்க." "மகள், கதவைப் பாருங்க." "மகள், ரொட்டிக்கு மாவு குழைச்சிட்டுப் போய்ப் படிங்க." ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எழும்பிப் போய் வந்த பிள்ளை, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க இன்னொரு பத்து நிமிடம் எடுக்கிறாள். இரவு பத்து மணிக்கு, "மூன்று மணித்தியாலமாகப் புத்தகத்தோடு இருக்கிறாள், ஒன்றும் ஏறவில்லை" என்று உம்மா கவலைப்படுகிறார். அந்த மூன்று மணித்தியாலத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சாது.

வீட்டு வேலை பெண்பிள்ளை செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்யட்டும், ஆண்பிள்ளைகளும் செய்யட்டும். நானாவுக்குக் க.பொ.த. உயர்தரப் பரீட்சை என்றால் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் குறைகிறது, வந்தவர்களை முன் விறாந்தையிலேயே இருத்திப் பேசி அனுப்புகிறோம். தங்கைக்கு அதே பரீட்சை வரும் வருடத்தில் அந்த ஏற்பாடு ஏன் பாதியாகிவிடுகிறது? நான் பார்த்த கெட்டிக்காரப் பிள்ளைகளில் சிலர் பின்தங்கியது சோம்பலால் அல்ல. அவர்களுக்கென்று துண்டாடப்படாத ஒரு மணி நேரம் அந்த வீட்டில் இருக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் கேட்கவும் இல்லை. மஃரிபிலிருந்து இஷா வரையான நேரம் மகளுடையது, அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் ஒரு தீர்மானம் எடுத்துப் பாருங்கள். இஷாவுக்குப் பிறகு அவள் பாத்திரம் கழுவட்டும்.

பெற்றோருக்கு இன்னுமொன்று. நான்கு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஓர் இனிப்பை வைத்து, "இப்போதே வேண்டுமென்றால் ஒன்று, நான் திரும்பி வரும் வரை பொறுத்தால் இரண்டு" என்று சொல்லிவிட்டுப் போகும் பரிசோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வோல்டர் மிஷெல் என்பவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் 1960களின் கடைசியிலிருந்து செய்தது. பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்ற செய்தியை மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததை மேடைகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை வைத்து மீண்டும் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது செலஸ்ட் கிட் என்பவரும் சகாக்களும் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. 28 பிள்ளைகள். இனிப்பு வைப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும், "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வர்ணப் பொருட்கள் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னிக்க வேண்டும், இல்லையாம்" என்றார்கள். அதன் பிறகு இனிப்புப் பரிசோதனை நடந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம்தான் பொறுத்தார்கள். பின்னவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லலாமா? பொறுத்தால் கிடைக்காது என்று அனுபவம் சொல்லிக் கொடுத்த இடத்தில் பொறுக்காமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

நோன்பு நமக்கு எளிதாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மஃரிப் பாங்கு ஒரு நாளும் வராமல் போனதில்லை. "இன்றைக்கு இன்னும் அரை மணி நேரம் கூட்டிப் பிடியுங்கள்" என்று யாரும் சொன்னதில்லை. நேரமானதும் நோன்பு திறப்பதைத் தாமதிக்காமல் இருப்பதுதான் சுன்னத். நாமோ பிள்ளையிடம், "இந்தப் பாடத்தை முடித்தால் போகலாம்" என்று சொல்கிறோம். முடித்ததும், "இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டாயே, இன்னொன்றையும் பார்" என்கிறோம். தவணைப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தால் சாச்சி வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறோம், பிறகு வேலை வந்துவிடுகிறது. உங்களுக்கு அது சிறிய விஷயம். பிள்ளையோ, சீக்கிரம் முடித்தால் தண்டனைதான் கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறாள். அடுத்த நாள் ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் இழுக்கிறாள்.

பெருநாள் முடிந்ததும் எல்லாம் ஏன் கலைந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 30 நாளும் ஸஹருக்கு எழும்பிய பிள்ளைக்கு ஷவ்வால் மாதத்தில் சுபஹுக்கு எழும்புவதே கஷ்டமாகிறது. பழக்கம் பதிய 21 நாள் போதும் என்று ஒரு கதை உலாவுகிறது, அதற்கு ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பகல் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற ஒரு சிறிய புதிய பழக்கம், யோசிக்காமலே செய்யும் அளவுக்கு வர நடுவளவாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆக 30 நாளில் பலருக்குப் பாதி வழிதான் வந்திருக்கும். அத்தோடு, ரமழானில் நம்மை எழுப்பியது நம் பழக்கமல்ல. விளக்குகள் எரியும் வீடும், பாத்திரச் சத்தமும், சோற்று வாசனையும், "எழும்புங்க, நேரம் போகுது" என்ற குரலும்தான். பெருநாளன்று அவை எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடுகின்றன. தொடர்ந்து எழும்ப விரும்பினால் அவற்றில் ஒன்றையாவது மிச்சம் வைக்க வேண்டும். சுபஹுக்கு முன்பு அடுக்களையில் ஒரு விளக்கு, ஒரு கோப்பை பிளேன்ட்டி. அதற்காகவேனும் கால் கட்டிலை விட்டு இறங்கும்.

அதே ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறிப் போனவர்களுக்குப் பழக்கம் பதிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாதத்தில் சில நோன்புகள் விடுபடுகின்றன. அதற்காக மிச்ச நோன்பை யாரும் கைவிடுவதில்லை. எண்ணி வைத்துக்கொண்டு பிறகு கழாச் செய்கிறோம். ஆனால் படிப்புத் திட்டத்தில் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறினால், "இந்தக் கிழமை போச்சு, திங்களிலிருந்து புதிதாகத் தொடங்குவோம்" என்கிறோம். ஐந்து நாட்கள் அப்படியே வீணாகப் போகின்றன. விட்டதை எழுதி வைத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் கழாச் செய்தால் என்ன?

எழுதி வைப்பது என்றதும் இமாம் கஸ்ஸாலியின் நினைவு வருகிறது. ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த அவர், தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் மனிதன் தன் நஃப்ஸோடு நடந்துகொள்ள வேண்டிய முறையை ஒரு வியாபாரப் பங்காளியோடு நடக்கும் முறைக்கு ஒப்பிட்டு விளக்குகிறார். காலையில் நிபந்தனை பேசுவது, பகலில் கண்காணிப்பது, நாள் முடிவில் கணக்குப் பார்ப்பது. கடை வைத்திருக்கும் வாப்பாமாரின் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். கடை சாத்தும் நேரத்தில் வாப்பா பணப்பெட்டியைத் திறந்து எண்ணுவது யாரையும் திட்டுவதற்காக அல்ல. என்ன வந்தது, என்ன போனது என்று தெரியாமல் நாளைக்குச் சாமான் போட முடியாது. இரவு படுக்கும் முன் இரண்டு வரி போதும்: இன்றைக்கு நினைத்தது என்ன, நடந்தது என்ன. தன்னையே ஏசிக்கொண்டு அரைப் பக்கம் எழுதும் பிள்ளைகளை நான் தடுத்திருக்கிறேன். அது கணக்கு அல்ல, புலம்பல்.

தூக்கம், சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு பன்னிரண்டரை வரை விழித்திருந்துவிட்டு, நாலரைக்கு எழும்ப முடியவில்லை என்று மனவுறுதியைக் குறை சொல்வது நியாயமில்லை.

கடைசியாகச் சீட்டு. நம் உம்மாமாரில் பலருக்குக் கையில் காசு தங்காது. வீட்டுச் செலவு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். அதே உம்மா சீட்டுக் காசை மட்டும் மாதம் தவறாமல் கட்டிவிடுவார். பத்துப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், இந்த மாதம் எடுப்பவர் காத்திருக்கிறார், கொடுக்காவிட்டால் முகத்தில் முழிக்க முடியாது. அவருடைய மனவுறுதி மாதக் கடைசியில் திடீரென்று கூடிவிடுவதில்லை. தன்னால் தனியாக முடியாததைப் பத்துப் பேருடைய எதிர்பார்ப்பின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். ஊர் முழுக்க ஒன்றாக நோன்பு பிடிப்பதிலும் இந்தப் பலம் உண்டு. தனியாகப் பிடிக்கும் கழா நோன்பு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சென்ற வருடம் என் வகுப்பில் மூன்று மாணவிகள் இதைப் படிப்பில் செய்து பார்த்தார்கள். சுபஹ் தொழுததும் ஒருத்தி மற்றவளுடைய வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு, எடுத்ததும் வைத்துவிடுவது. ஒவ்வொருத்தியும் ஒரு கடந்தகால வினாத்தாளிலிருந்து இரண்டு கேள்விகள் செய்து கொண்டுவர வேண்டும், காலைக் கூட்டத்துக்கு முன் கொப்பிகளை மாற்றித் திருத்த வேண்டும். செய்யாமல் வருபவள் மற்ற இருவரின் தண்ணீர்ப் போத்தல்களையும் அன்று முழுக்க நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களே போட்ட சட்டம். முதல் இரண்டு வாரங்களில் குழாயடியில் யாராவது ஒருத்தி மூன்று போத்தல்களோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தக் காட்சி குறைந்துவிட்டது. இந்த வருடம் பதினோராம் தரத்தில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து ஐவராகியிருக்கிறார்கள். ஐந்து போத்தல்களை ஒருத்தியால் தூக்க முடியாது என்பதால் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.